ஹெல்மெட்டுக்குள் ஒரு முதலாளி

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு பையன் தன் சொந்த மூளையைப் பயன்படுத்த எவ்வளவு நேரம் அனுமதி என்பதை 2024-இல் விதியாகவே எழுதிவிட்டார்கள். பதினைந்து விநாடி. அந்த ஆண்டிலிருந்து மேல்மட்டக் கல்லூரி அணிகள், களத்தில் நிற்பவர்களில் ஒருவனுடைய ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர் வைத்துக்கொள்ளலாம். அடையாளத்துக்குப் பின்பக்கம் ஒரு பச்சைப் பொட்டு. ஒரு ப்ளே, அதாவது ஒரு நகர்வு, முடிந்து அடுத்தது தொடங்குவதற்கான நாற்பது விநாடிக் கடிகாரம் ஓட ஆரம்பித்ததும் கோச் அந்தத் தலைக்குள் பேச ஆரம்பிப்பார். கடிகாரம் பதினைந்தைத் தொட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். அதன்பின் பையன் தனியாள். கோச்சுகளின் அகராதியில் இதற்குப் பெயர் ஆபத்து.

கால்பந்து என்றதும் மெஸ்ஸியை நினைக்க வேண்டாம். இது பந்தைக் கையால் எறிந்து, நெஞ்சோடு இறுக்கி, எதிரே வருபவனை மோதிச் சாய்த்து ஆடுவது. கால் எப்போதாவதுதான் பந்தைத் தொடும். கால் பேரில் மட்டும் இருக்கிறது, கல்லூரி இருப்பதுபோல.

ஒரு காலத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. கோட்டோரத்திலிருந்து கோச் ஆட்டம் சொல்லிக்கொடுப்பதே 1960-கள் வரை விதிப்படி குற்றம். மாற்று வீரன் உள்ளே போனால், கோச்சின் தூதனாக வந்திருப்பானோ என்ற சந்தேகத்தில், முதல் ப்ளே முடியும்வரை அவன் வாய் திறக்கக் கூடாது என்றுகூட ஒரு விதி இருந்தது. விளையாட்டு மாணவனுடையது, அவன் மூளைக்கும் அதில் வேலை உண்டு என்று நம்பிய அசட்டுக் காலம். இப்போது கோச்சின் கையில் ஓட்டல் மெனு மாதிரி பிளாஸ்டிக் போட்ட அட்டை, பையனின் மணிக்கட்டில் பொடி எழுத்தில் நம்பர் பட்டியல். கோட்டோரத்தில் நாலைந்து பேர் பெரிய பெரிய படப்பலகைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். கார்ட்டூன் பொம்மை ஒன்று, சினிமா நடிகர் முகம் ஒன்று. எந்தப் படத்துக்கு எந்த ஆட்டம் என்பது ரகசியம். பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்க வந்தவனுக்குப் படம் காட்டிப் பாடம் நடத்தும் இடம் இது ஒன்றுதான்.

அந்த ரகசியத்தையும் ஒருவருக்கொருவர் விட்டுவைக்கவில்லை. 2023-இல் எதிரணிகளின் சைகைகளை ஆள்விட்டுப் படம்பிடித்த விவகாரத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகம் மாட்டியது. தலைமைக் கோச் ஜிம் ஹார்பாவுக்கு மூன்று மேட்ச் தடை. அந்தப் பருவத்தின் சாம்பியன் பட்டமும் மிச்சிகனுக்கே. அதற்கு அடுத்த ஆண்டுதான் ஸ்பீக்கர் வந்தது. பெரியவர்கள் ஒருவர் சட்டைப்பையில் ஒருவர் கைவிட்டதற்குப் பரிகாரம், பிள்ளையின் மண்டைக்குள் கருவி.

இவ்வளவு கம்பியும் கட்டும் இருந்தும் சில பையன்கள் அடங்குவதில்லை. அதில் பேர்போன ஒருவன் ஜானி மன்சீல்.

2012 நவம்பர் 10. அலபாமா மாநிலம் டஸ்கலூசா. மைதானத்தில் ஒரு லட்சம் பேர். நாட்டின் முதலிட அணியான அலபாமாவை எதிர்த்து டெக்சஸ் ஏ அண்ட் எம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் அதன் குவார்ட்டர்பேக் மன்சீலுக்கு வயது 19. முதல் கால் பகுதி. கோச் வரைந்த தாளில் இருந்தது ஒரு பாஸ். பந்து கைக்கு வந்தது, எறிய வழியில்லை, பையன் முன்னால் பாய்ந்தான். பாய்ந்தவன் தன் அணிக்காரனின் முதுகிலேயே போய் மோதினான். பந்து கையைவிட்டு மேலே எகிறியது. கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல அதை அந்தரத்திலேயே பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி இடப்பக்கம் ஓடி, ஓட்டத்திலேயே எறிந்தான். எல்லைக்குள் ஆளில்லாத இடத்தில் நின்றிருந்த ரயன் ஸ்வோப்பின் கையில் பந்து. டச்டவுன். கால் பகுதி முடியும்போது 20–0. கடைசியில் 29–24 என்று ஏ அண்ட் எம் ஜெயித்தது.

இந்த மாதிரி ப்ளேக்களின்போது பந்தைப் பார்க்கக் கூடாது, கோச்சின் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் ஆண்டுக்கணக்காக அதைத்தான் பார்த்துவருகிறேன். எந்த அணி, எந்தக் கோச் என்றாலும் வாயசைவு ஒன்றுதான். வேண்டாம், வேண்டாம், வேண்டாம்டா பாவி, ஆகா! கெட்ட வார்த்தை பாதியில் இருக்கும்போது பந்து எல்லைக்குள் விழுந்துவிட்டால், அதே மூச்சில் அது ஆசீர்வாதமாகிவிடும். மேட்ச் முடிந்து மைக் முன்னால் நிற்கும்போது அது திட்டமாகிவிடும். "வாரம் முழுக்க இதைத்தான் பயிற்சி செய்தோம்." பொய்யும் இல்லை. கட்டறுத்துக்கொண்டு ஓடுவதற்கும் அங்கே ஒரு பயிற்சி உண்டு, பெயர் ஸ்க்ராம்பிள் ட்ரில். கீழ்ப்படியாமையையும் கால அட்டவணையில் போட்டு, செவ்வாய் மாலை நாலரைக்குக் கற்பிப்பார்கள்.

பந்து தரையில் விழுந்துவிட்டாலோ, திங்கட்கிழமை வீடியோ அறையில் விளக்கை அணைத்துவிட்டு, முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டி, எண்பது பேர் முன்னால் பையனை உரிப்பார்கள். ஒழுக்கம், விசுவாசம், அணி, குடும்பம். குடும்பம் என்ற சொல் இந்த அறையில் அடிக்கடி வரும். வாடகைக்கு விட்டவர்தான் வீட்டைக் குடும்பம் என்பார். 1973-இலிருந்து சுமார் நாற்பது ஆண்டுகள், கல்லூரி ஸ்காலர்ஷிப் ஓராண்டு ஒப்பந்தமாகத்தான் இருந்தது. பிடிக்காதவனுக்கு அடுத்த ஆண்டு புதுப்பிக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட குடும்பத்தில் அப்பா பேச்சை மீறி எவன் இடப்பக்கம் ஓடுவான்?

மன்சீல் ஓடினான். ஓடியதற்கு என்ன கிடைத்தது என்று பார்ப்போம்.

அந்த டிசம்பரில் கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹெய்ஸ்மன் அவனுக்குக் கிடைத்தது. முதல் பருவ வீரன் ஒருவன் அதை வாங்கியது அதுவே முதல்முறை. அந்த விருதால் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த விளம்பரத்தின் மதிப்பு 37 மில்லியன் டாலர் என்று பல்கலைக்கழகத் தரப்பே ஆள் வைத்துக் கணக்குப் போட்டு அறிவித்தது. 2013-இல் மைதானத்தை 450 மில்லியன் டாலர் செலவில் புதுப்பிக்கும் திட்டம் வந்தது. தலைமைக் கோச் கெவின் சம்லினுக்கு ஆண்டுக்கு 5 மில்லியன் டாலர் என்று ஆறாண்டு ஒப்பந்தம் வந்தது. பையனோடும் கோச்சோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் பாக்கியத்தை ஏலம் விட்டார்கள். 20,000 டாலருக்குப் போனது. பையனுக்கு? சாப்பாடு கிடைத்திருக்கும்.

பிறகு 2013 ஆகஸ்டில் ஒரு பெரும் குற்றச்சாட்டு கிளம்பியது. தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்துக் காசு வாங்கிவிட்டானாம். கல்லூரி விளையாட்டைக் கட்டி ஆளும் என்.சி.ஏ.ஏ. சங்கம் விசாரித்தது. காசு வாங்கியதற்குச் சான்றில்லை என்று முடிவு. சான்றில்லை என்பதற்காகத் தண்டிக்காமல் விட முடியுமா? தன் கையெழுத்தை வைத்து வேறு யாரோ வியாபாரம் செய்யாதபடி அவன் காவல் காத்திருக்க வேண்டுமாம். ஆகவே ரைஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிரான மேட்சில் பாதி நேரம் வெளியே உட்கார். அரை மேட்ச்! அரைக் குற்றத்துக்கு அரைத் தண்டனை. மீதிப் பாதிக்கு டிக்கெட் வாங்கியவர்கள் ஏமாறக் கூடாதல்லவா. இரண்டாம் பாதியில் இறங்கி மூன்று டச்டவுன் எறிந்தான்.

அதே ஆகஸ்டில்தான் ஜே பிலஸ் என்ற விளையாட்டு விமர்சகர் ஒரு சின்ன வேலை செய்தார். அந்தச் சங்கத்தின் இணையக் கடையில் தேடும் கட்டத்தில் மன்சீல் என்று தட்டினார். ஏ அண்ட் எம் அணியின் இரண்டாம் எண் சட்டை வந்து நின்றது. இரண்டாம் எண் யாருடையது என்று கேட்கிறீர்களா? அப்போதெல்லாம் சட்டையில் பெயர் போட மாட்டார்கள். போட்டால் பையனை விற்றதாகிவிடும். பெயரைத் தட்டினால் மட்டும் வரும். அம்பலமானதும் அணிச் சட்டை விற்பதையே சங்கம் நிறுத்திக்கொண்டது. சங்கத்துக்கு எத்தனை மேட்ச் தடை என்று கேட்காதீர்கள்.

மன்சீல் ஒன்றும் புனிதன் அல்ல. தொழில்முறை ஆட்டத்துக்குப் போய் இரண்டு பருவத்தில் வெளியேறினான். மைதானத்துக்கு வெளியே அவன் செய்தவற்றில் பல வெட்கக்கேடு. "பார்த்தாயா, சொல் பேச்சுக் கேட்காதவன் கதி" என்று அந்தச் சறுக்கலைக் காட்டி இன்றைக்கும் பையன்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். சொல் பேச்சுக் கேட்காதபோது வந்த 37 மில்லியனைத் திருப்பிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

இங்கே ஒன்று கவனித்திருப்பீர்கள். கோச்சுகளை எல்லாம் அவர், அவர் என்று எழுதிவிட்டு, பையனை அவன், அவன் என்றே எழுதிக்கொண்டு வருகிறேன். தொற்றுநோய்தான், எனக்கும் ஒட்டிவிட்டது. முடிந்தவரை சரிசெய்துகொள்கிறேன்.

சரி, வரைந்த தாளை மீறுவது பெரும்பாவம் என்கிறார்களே, பெரியவர்கள் எப்படி என்று பார்க்கலாம். அன்று டஸ்கலூசாவில் எதிர்ப்பக்கம் நின்றிருந்த அலபாமா கோச் நிக் சேபன். திட்டத்துக்கும் ஒழுங்குக்கும் உலகப் புகழ். "செயல்முறையை நம்பு" என்பது அவருடைய மூலமந்திரம். இவர் 2006 டிசம்பரில் மயாமி தொழில்முறை அணியில் இருந்தபோது, அலபாமாவுக்குப் போகிறீர்களா என்று நிருபர்கள் நச்சரித்தார்கள். நான் அலபாமா கோச் ஆகப்போவதில்லை என்று பட்டவர்த்தனமாகச் சொன்னார். இரண்டு வாரத்துக்குள், 2007 ஜனவரி 3 அன்று, அலபாமா கோச் ஆனார். எட்டாண்டு, 32 மில்லியன் டாலர். வலப்பக்கம் போவதுபோலக் காட்டி இடப்பக்கம் வெட்டினார். மன்சீல்கூட அவ்வளவு அழகாக வெட்டியதில்லை.

ஏ அண்ட் எம் வீட்டுக்கதை இதைவிட ருசி. சம்லினை 2017 நவம்பரில் அனுப்பினார்கள், பத்து மில்லியன் டாலருக்கு மேல் கையில் கொடுத்து. அந்த இடத்துக்கு ஃபுளோரிடா ஸ்டேட் கோச் ஜிம்போ ஃபிஷரை வளைத்தார்கள். பத்தாண்டு, 75 மில்லியன் டாலர், முழுத் தொகைக்கும் உத்தரவாதம். அவருடைய பழைய அணிக்கு அந்தப் பருவத்தில் இன்னும் மேட்ச் பாக்கி. அவர் விலகிய மறுநாள் 'குடும்பம்' அவரில்லாமல் ஆடியது. ஒரு பையன் இப்படிக் கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்று அப்போது விதி; 2021 வரை இருந்தது. கோச்சுக்கு அப்படி விதி ஏதும் இல்லை. மண்குடம், பொன்குடம் என்று நம் மாமியார்கள் சண்டை போட்டது வீண். இங்கே உடைத்தவருக்குக் குடமே வாங்கிக் கொடுக்கிறார்கள்.

2021-இல் ஃபிஷருக்கு ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டினார்கள், ஆண்டுக்கு 9 மில்லியன் டாலர். 2023 நவம்பரில், ஒரு மேட்சில் 51–10 என்று ஜெயித்த மறுநாள், வேலையைவிட்டு நீக்கினார்கள். ஒப்பந்தப்படி வேலை செய்யாமல் இருப்பதற்காக அவருக்குக் கொடுக்க வேண்டியது சுமார் 76 மில்லியன் டாலர். நம் கணக்கில் அறுநூறு கோடி ரூபாய்க்கு மேல். தவணை 2031 வரை போகும். கோச் சொன்னபடி ஆடாத பையனுக்குத் தண்டனை பெஞ்ச். பல்கலைக்கழகம் சொன்னபடி ஜெயிக்காத கோச்சுக்கும் பெஞ்ச்தான். அந்த பெஞ்ச் தேக்கு, மேலே மெத்தை, ஆண்டுக்குப் பல மில்லியன் வாடகையை பெஞ்சே அவருக்குக் கொடுக்கும்.

இதையெல்லாம் தாங்கி நிற்பது ஒரே ஒரு சொல். மாணவ-வீரர். கேட்கக் கண்ணியமாக இருக்கிறதல்லவா? பிறந்த இடம் ஒரு சவப்பெட்டி. 1955-இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் ஏ அண்ட் எம் என்ற சின்னக் கல்லூரிக்காக ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்தார். வேலை செய்யும்போது இறந்தவரின் குடும்பத்துக்கான நஷ்டஈட்டை அவர் மனைவி கேட்டார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை, ஆகவே அவர் தொழிலாளி இல்லை என்று 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. இந்த மாதிரி வழக்குகளுக்குப் பயந்துதான் அந்தச் சொல்லை உருவாக்கினோம், எல்லா இடத்திலும் அதையே எழுதச் சொன்னோம் என்று, சங்கத்தைப் பல்லாண்டு ஆண்ட வால்டர் பையர்ஸ் ஓய்வுபெற்றபின் தன் நினைவுக்குறிப்பில் ஒப்புக்கொண்டார். ஓய்வூதியம் வர ஆரம்பித்தபின் மனசாட்சி பேசுவது உலக வழக்கம்.

2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று சங்கத்தின் தலையில் குட்டியது. ஏறக்குறைய வேறெந்தத் தொழிலில் இப்படி நியாயமான கூலி கொடுக்காமல் இருந்தாலும் அது சட்டவிரோதம் என்று நீதிபதி கேவனா தனியாக வேறு எழுதினார். அந்த ஜூலையிலிருந்து பையன்கள் தங்கள் பெயரை விற்கலாம். மன்சீல் பாதி மேட்ச் உட்கார்ந்த குற்றம் எட்டே ஆண்டில் வருமானமாகிவிட்டது. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்குப் பணம் பங்கிடலாம், முதல் ஆண்டில் 20.5 மில்லியன் டாலர் வரை. அதற்கு முன்பே அழுகைச் சத்தம். 2024 ஜனவரியில் ஓய்வுபெற்ற சேபன், மார்ச்சில் வாஷிங்டனில் அரசியல்வாதிகள் முன் உட்கார்ந்து, தான் ஐம்பது ஆண்டுகள் நம்பியவை எதுவும் இப்போது இல்லை என்று வருத்தப்பட்டார். நம்பியவற்றில் முக்கியமானது எது என்று யாரும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன்: எனக்குக் கோடி, உனக்குக் குணநலன்.

விசுவாசம் போய்விட்டதாம். கீழ்ப்படிதல் போய்விட்டதாம். சொன்னதைச் செய்யும் பையன்கள் இப்போதெல்லாம் கிடைப்பதில்லையாம்.

சொன்னதைச் செய்த ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஜோர்டன் மெக்நேர். மேரிலாண்ட் பல்கலைக்கழக அணி. வயது 19, டஸ்கலூசாவில் பந்தைப் பிடித்துச் சுற்றியவனின் அதே வயது. 2018 மே 29 அன்று பயிற்சி. 110 யார்டு ஓட்டம், பத்து முறை. அவர் எந்தத் தாளையும் மீறவில்லை. இடப்பக்கம் வெட்டவில்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினார். உடம்பு நின்றுவிடச் சொன்னது. அதன் பேச்சைக் கேட்கவில்லை, கோச் பேச்சைக் கேட்டார். வெப்பத்தில் சரிந்தவரை ஐஸ் தண்ணீரில் இறக்கியிருக்க வேண்டும். இறக்கவில்லை. அறிகுறி தெரிந்ததிலிருந்து ஆம்புலன்ஸ் மைதானத்தைவிட்டுக் கிளம்ப ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. மருத்துவமனையில் அளந்தபோது உடல் வெப்பம் 106 டிகிரி. ஜூன் 13 அன்று இறந்தார்.

பல்கலைக்கழகம் சட்டப்படியும் தார்மீகப்படியும் பொறுப்பேற்பதாக அறிவித்தது. அணியின் சூழலை ஆராய ஒரு குழு போட்டார்கள். அந்தச் சூழலை 'நச்சு' என்று சொல்ல முடியாது என்றது குழு. பல வீரர்கள் வாய் திறக்கவே பயந்தார்கள், அதனால் பிரச்சினைகள் புரையோடின என்றும் அதே அறிக்கையில் எழுதியது. பயந்து வாய் திறக்காமல் இருப்பது நச்சு இல்லையாம். பிறகென்ன, ஒழுக்கமா? ஒரு பிள்ளை என்னால் முடியவில்லை என்று உட்கார்ந்துவிடத் துணியாத இடத்துக்கு நீங்கள் என்னதான் பேர் வைப்பீர்கள்? அந்தப் பேரையும் படப்பலகையில்தான் காட்டுவீர்களா?

அக்டோபர் 30 அன்று தலைமைக் கோச் டி.ஜே. டர்கின் பதவியில் தொடரலாம் என்றது பல்கலைக்கழக வாரியம். வீரர்கள் சிலர் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியேறினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காத ஆட்டம் அது. மாணவர்களும் ஊர்க்காரர்களும் கொதித்தார்கள். மறுநாள் அவரை நீக்கினார்கள். குற்றம் சாட்டி அல்ல. ஒப்பந்தத்தை முன்கூட்டி முடித்துக்கொண்டதாகக் கணக்கு, ஆகவே மிச்சக் காலத்துக்குப் பல மில்லியன் டாலர். மெக்நேரின் பெற்றோருக்கு 3.5 மில்லியன் டாலர் என்று முடிவாக 2021 ஜனவரி ஆனது.

2022 ஜனவரியில் டர்கினுக்குத் தற்காப்பு ஆட்டத்தின் பொறுப்பாளராக வேலை கிடைத்தது. கொடுத்த பல்கலைக்கழகம் டெக்சஸ் ஏ அண்ட் எம். அப்போது அங்கே தலைமைக் கோச் ஜிம்போ ஃபிஷர்.